பாட்டி பேச்ச ரெக்கார்ட் பண்ணி அறிவியல் பாடம் நடத்துறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிற ஆசிரியர்களுக்கு

ஒரு பாட்டி சொன்ன ஒரே ஒரு விஷயத்துலதான் எனக்கு இதெல்லாம் ஆரம்பிச்சுது. "புதுப் பானைல தண்ணி சில்லுனு இருக்கும் கண்ணு, போகப் போக அந்தச் சில்லிப்பு கொறஞ்சுரும், அப்பத் தெரிஞ்சுக்கணும் பானைக்கு வயசாயிருச்சுன்னு." ஆறாவது படிக்கிற பசங்க நாலு பேர் போன்ல இத ரெக்கார்ட் பண்ணிட்டு வந்தாங்க, மறுநாள் வகுப்புல அந்த க்ளிப்ப போட்டதும் கடைசி பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு எந்திரிச்சு "ஏன் டீச்சர் பழசானா சில்லிப்பு போகுது?"ன்னு கேட்டா. ஆவியாதல் பாடத்த அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே நடத்தி முடிச்சிருந்தேன், நல்ல வீடியோ ஒண்ணும் போட்டுக் காட்டினேன், அன்னிக்கு ஒருத்தர் வாயிலயும் ஒரு கேள்வி வரல.

அதுக்கப்புறம் நான் பண்றது இதுதான்: அறிவியலுக்குத் தனியா வீடியோ, பெரியவங்க நினைவுகளுக்குத் தனியா ஒரு ப்ராஜெக்ட்னு பிரிக்கிறதில்ல. பெரியவங்க சொன்னதுல இருந்து கேள்விய எடுத்துக்கறோம், பதில வகுப்புல சோதனை பண்ணித் தேடறோம், ரெண்டையும் சேர்த்து பசங்களே ஒரு நாலு நிமிஷ வீடியோ பண்றாங்க. முதல் தடவை பண்றவங்களுக்கு எங்கெங்க இடறும்னு எனக்குத் தெரியும், அதனால வரிசையா எழுதறேன்.

தலைப்ப சின்னதா வைங்க

"ஊர் வரலாறு சொல்லுங்க"ன்னு போய் உக்காந்தா பெரியவங்களுக்கு எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியாது, பசங்களுக்கு எங்க நிறுத்தறதுன்னு தெரியாது. கையால தொட்டுப் பாக்கற பொருள் ஒண்ணு இருக்கற தலைப்பா எடுங்க. பானை, கிணறு, விளக்கு, கொல்லுப்பட்டறை, விதை சேத்து வைக்கிற குதிர், இப்படி. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு அறிவியல் பாடம் இருக்கு: விளக்குத் திரில எண்ணெய் மேல ஏறறது நுண்புழை ஏற்றம், கொல்லர் எஃகப் பழுக்கக் காய்ச்சி டக்குனு தண்ணில முக்கறது உலோகத்தோட உள்ளமைப்ப மாத்தி கெட்டியாக்கற வேலை, சாம்பல் போட்டுத் தேய்ச்சா பாத்திரம் பளிச்சுனு ஆகறதுல பாதி அந்தச் சாம்பல்ல இருக்கற காரத்தால (மஞ்சள் தடவின காகிதத்த சாம்பல் தண்ணில முக்கினா சிவப்பா மாறும், பசங்க மறக்கவே மாட்டாங்க).

நான் பாக்கறது ரெண்டே விஷயம். பெரியவங்க பேச்சுல இருந்து மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு துண்டு எடுக்க முடியுமா? அதுக்கான சோதனைய ஒண்ணு ரெண்டு பீரியட்ல பண்ண முடியுமா? ரெண்டுக்கும் ஆமான்னா தலைப்பு சரி. இல்லன்னா எவ்வளவு ஆசையா இருந்தாலும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிடுங்க.

என்னென்ன வேணும்

ஒரு போன், சட்டைல குத்திக்கற ஒயர் மைக் ஒண்ணு, ஒரு இயர்போன், வகுப்புக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர். ப்ரொஜெக்டர் இருந்தா நல்லது, இல்லன்னாலும் பாடம் நடக்கும். ஆனா ஸ்பீக்கர் இல்லாம நடக்காது, ஏன்னா நாப்பது பசங்க இருக்கற அறைல வயசானவங்க குரல் போன் ஸ்பீக்கர்ல மூணாவது வரிசைக்கே போகாது, கேக்கலன்னா அடுத்த நிமிஷம் பேச ஆரம்பிச்சிருவாங்க. பட்ஜெட் கொஞ்சம்தான் இருக்குன்னா மொதல்ல மைக், அடுத்து ஸ்பீக்கர், அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்.

கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டி போட்டுக்குங்க, ஒலிய வெட்டி ஒட்ட அது போதும், இலவசம். வீடியோவுக்கு ஓப்பன்ஷாட், ஷாட்கட் ரெண்டுல எதுவானாலும் சரி, ரெண்டும் இலவசம்தான். போன்ல ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, ஜெர்மனில ஆகன் பல்கலைக்கழகத்துல பண்ணது, போன்ல இருக்கற சென்ஸார்கள வச்சே சோதனை பண்ணலாம், அதையும் போட்டுக்குங்க, கீழ அதுக்கு ஒரு வேலை வருது.

ரெக்கார்டர் இல்லாம ஒரு தடவை போயிட்டு வாங்க

இதை நிறைய பேர் விட்டுடறாங்க. முதல் தடவை போகும்போது போன எடுக்கவே எடுக்காதீங்க. உக்காந்து பேசிட்டு, எதுக்கு வர்றோம், யாரெல்லாம் கேப்பாங்க, எங்க வைப்போம்னு சொல்லிட்டு வாங்க. வகுப்புல மட்டும் போடறதா, பள்ளிக்கூடம் முழுக்கவா, இன்டர்நெட்லயும் போடலாமான்னு மூணையும் தனித்தனியா கேளுங்க, ஏன்னா ஒண்ணுக்கு சரின்னு சொன்னவங்க எல்லாத்துக்கும் சரின்னு சொன்னதா ஆகாது. "வேணாம்னு தோணுச்சுன்னா எப்ப சொன்னாலும் எடுத்துருவோம்"னு சொல்லுங்க, சொன்னா எடுத்துருங்க. ரெக்கார்ட் பண்ற அன்னிக்கு ஆரம்பத்துலயே அவங்க சம்மதத்த அவங்க குரல்லயே பதிவு பண்ணிக்குங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் இது மரியாதையான வழி. பசங்க முகமோ குரலோ வெளில போறதா இருந்தா அவங்க வீட்லயும் கேக்கணும்.

பேச்சு வாக்குல சொத்துத் தகராறு, அடுத்த வீட்டுக்காரர் கதை, யாரோட நோய் நொடி பத்தி எல்லாம் வரும். வந்தா நிறுத்தாதீங்க, அவங்க மனசுல இருக்கறத சொல்றாங்க, ஆனா அந்தப் பகுதி வகுப்புக்குப் போகக் கூடாது.

கேள்வி கேக்கறது

"அந்தக் காலத்துல ரொம்பக் கஷ்டமா தாத்தா?"ன்னு கேட்டா "ஆமாப்பா"ன்னு ஒரு வார்த்தைல முடிஞ்சுரும். "காலைல எந்திரிச்சா நீங்க செய்யற முதல் வேலை என்ன தாத்தா?"ன்னு கேட்டுப் பாருங்க, பத்து நிமிஷம் போகும். வேலையப் பத்திக் கேளுங்க, கருவியப் பத்திக் கேளுங்க. இங்கிலாந்துல சஃபோக் பக்கம் பிளாக்ஸால்னு ஒரு கிராமம், அங்க ஜார்ஜ் யூவர்ட் எவன்ஸ்ங்கறவர் 1950-கள்ல, குதிர பூட்டி விவசாயம் பண்ண பழைய ஆளுங்க கிட்ட இப்படித்தான் வேலையையும் கருவியையும் பத்தி பேச்சு குடுத்துக் குடுத்து ஒரு முழுக் காலத்தையே பதிவு பண்ணி வச்சார். மனுஷன் கைக்குப் பழகின பொருளப் பத்திப் பேசும்போது தயக்கம் போயிருது. அந்தப் பொருள் வீட்ல இருந்தா "எப்படிப் பிடிப்பீங்க, காட்டுங்க பாட்டி"ன்னு கேளுங்க, கையில எடுத்தாங்கன்னா வார்த்தை தானா வரும்.

பசங்களுக்கு நான் மூணு விஷயம் பழக்கறேன். ஒரு நேரத்துல ஒரு கேள்விதான். பதில் முடிஞ்ச மாதிரி இருந்தாலும் மனசுக்குள்ள அஞ்சு எண்ணிட்டுத்தான் அடுத்தது கேக்கணும், ஏன்னா நல்ல விஷயம் எல்லாம் அந்த அஞ்சு விநாடி மௌனத்துக்கு அப்புறம்தான் வருது, பானைக்கு வயசாகற விஷயமே அப்படித்தான் வந்துச்சு. மூணாவது, பெரியவங்க சொல்றது புத்தகத்துல இருக்கறதுக்கு மாறா இருந்தாலும் அங்க வச்சுத் திருத்தக் கூடாது. திருத்தின அடுத்த நிமிஷமே அவங்க சுருங்கிருவாங்க, பரீட்சை எழுதற மாதிரி பேச ஆரம்பிப்பாங்க.

பசங்களால இதெல்லாம் முடியுமான்னு சந்தேகப்படறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல ராபன் கவுண்டின்னு மலை கிராமங்கள் உள்ள இடம், அங்க ஒரு உயர்நிலைப் பள்ளிப் பசங்க 1966-ல அக்கம்பக்கத்துப் பெரியவங்க கிட்ட போய் மரவீடு கட்டறது, சோப்பு காய்ச்சறதுன்னு எல்லாத்தையும் கேட்டு எழுதி, ஃபாக்ஸ்ஃபயர்னு சொந்தமா ஒரு பத்திரிகை நடத்த ஆரம்பிச்சாங்க. அது பின்னாடி புத்தகங்களா வந்து உலகம் முழுக்கப் போச்சு. அவங்க கையில இருந்தது டேப் ரெக்கார்டரும் கேமராவும், நம்ம பசங்க கையில இருக்கற போன்ல ரெண்டும் சேர்ந்தே இருக்கு.

ரெக்கார்ட் பண்ற நாள்

போனை ஃப்ளைட் மோடுல போடுங்க. இத நான் முதல் வரியா எழுதறதுக்குக் காரணம் இருக்கு. ஒரு தாத்தா கிணறு வெட்டின கதைய இருபது நிமிஷம் சொன்னார், நடுவுல ஒரு கால் வந்து ரெக்கார்டிங் நின்னு போச்சு, யாரும் கவனிக்கல, வீட்டுக்கு வந்து பாத்தா நாலு நிமிஷம்தான் இருக்கு. மறுபடி போய்க் கேட்டோம், சொன்னார், ஆனா முதல் தடவை சொல்லும்போது மண்ணு சரிஞ்ச இடத்துல அவர் குரல் இறங்கினது ரெண்டாம் தடவை வரல. பேட்டரி, மெமரி, ஃப்ளைட் மோடு, மூணையும் சரிபாக்க ஒரு பையனையோ பொண்ணையோ தனியா நியமிங்க, அன்னிக்கு அவங்களுக்கு வேற வேலையே குடுக்காதீங்க.

மைக் வாயில இருந்து ஒரு சாண் தூரத்துல இருக்கட்டும். தூரம் ரெண்டு மடங்கானா வந்து சேர்ற ஒலியோட செறிவு நாலுல ஒரு பங்கா கொறையும், ஏறக்குறைய 6 டெசிபல் இறக்கம். ஆனா சுத்துப்பக்கத்து இரைச்சல் அப்படியே இருக்கும், அதான் மேஜை மேல தூரமா வச்ச போன்ல குரல விட ஃபேன் சத்தம் பெருசா கேக்குது. ஃபேன நிறுத்துங்க, ஜன்னல சாத்துங்க, வெளில உக்கார்ந்தா மைக்க சட்டை மடிப்புக்குள்ள லேசா மறைச்சு வைங்க, காத்து மைக் மேல நேரா அடிச்சா வர்ற "புஸ் புஸ்"ஸ பின்னால எந்த சாஃப்ட்வேராலயும் முழுசா எடுக்க முடியாது. பத்து விநாடி டெஸ்ட் எடுத்து இயர்போன்ல கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

ஆரம்பத்துல ஒரு பிள்ளை தேதி, இடம், யார் பேசறாங்க, யார் கேக்கறாங்கன்னு சொல்லட்டும். முடிச்சதும் எல்லாரும் அரை நிமிஷம் சும்மா உக்காந்து அந்த இடத்தோட அமைதிய மட்டும் பதிவு பண்ணுங்க, ஆடாசிட்டில இரைச்சல் குறைக்கும்போது எது இரைச்சல்னு அதுக்குக் காட்ட இந்த அரை நிமிஷம் வேணும். வயசானவங்கள முப்பது நாப்பது நிமிஷத்துக்கு மேல உக்கார வைக்காதீங்க. கைவேலைய வீடியோ எடுக்கறதா இருந்தா பேச்சு முடிஞ்சப்புறம் தனியா எடுங்க, முகம் வேணாம், கை மட்டும் போதும், பல பேருக்கு கேமரா முகத்துக்கு நேரா வந்தா பேச்சு நின்னுரும்.

ஃபைல் எவ்வளவு பெருசாகும்னு பசங்களையே கணக்குப் போடச் சொல்லுங்க. போன் ஒலிய நொடிக்கு 44,100 தடவை அளந்து மாதிரி (சாம்பிள்) எடுக்குது, ஒவ்வொரு மாதிரியும் 16 பிட், அதாவது 2 பைட், ஒரே சேனல்: நிமிஷத்துக்கு 5.3 மெகாபைட் வருது, ஒரு மணி நேரத்துக்கு 320 கிட்ட. இது சுருக்காத வேவ் (WAV) ஃபைல். எம்பி3-ல 128 கிலோபிட் தரத்துல சுருக்கினா நிமிஷத்துக்கு ஒரு மெகாபைட்டுக்குள்ள அடங்கிடும். மூலத்த வேவ்ல வைங்க, பகிர்றதுக்கு எம்பி3 போதும். ஏன் 44,100-னு கேட்டாங்கன்னா அதுவே ஒரு பாடம்: மனுஷன் காதுக்கு 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், ஒரு அதிர்வ சரியா பிடிக்கணும்னா அதோட வேகத்துல ரெண்டு மடங்குக்கு மேல மாதிரி எடுக்கணும்.

ஒலி பாடத்துக்கு இந்தக் கருவிங்களே போதும்னு எனக்குப் பின்னாடிதான் புரிஞ்சுது. ஆடாசிட்டில பசங்க தன்னோட கைதட்டல அலையா பாக்கறாங்க, தாத்தா குரலும் சின்னப் பையன் குரலும் அடுத்தடுத்துப் பெருசாக்கிப் பாத்தா யாரோட அலை நெருக்கமா இருக்குன்னு தானா சொல்றாங்க. ஃபைஃபாக்ஸ்ல ஒலி ஸ்டாப்வாட்ச்னு ஒண்ணு இருக்கு, ஒரு சத்தத்துக்கு ஓட ஆரம்பிச்சு அடுத்த சத்தத்துக்கு நிக்கும். ரெண்டு போன 5 மீட்டர் தள்ளி வைங்க, ஒரு போன் பக்கத்துல ஒருத்தர் கை தட்டணும், அப்புறம் இன்னொரு போன் பக்கத்துல இன்னொருத்தர் தட்டணும், ரெண்டு போன்லயும் வர்ற நேரத்தக் கழிச்சா, ஒலி 10 மீட்டர் போக எடுத்த நேரம் கிடைக்கும். 20 டிகிரி வெப்பநிலைல ஒலி வேகம் நொடிக்கு 343 மீட்டர், அதனால 0.029 நொடி பக்கத்துல வரணும். கூட கொறைய வந்தா விடுங்க, பத்து தடவை பண்ணி சராசரி எடுக்கச் சொல்லுங்க, சராசரின்னா எதுக்குன்னு கணக்கு வகுப்புல சொன்னத விட இங்கதான் புரியும்.

அன்னிக்கே காப்பி எடுங்க

நாளைக்குன்னு தள்ளாதீங்க. மூணு காப்பி, அதுல ரெண்டு வேற வேற சாதனத்துல, ஒண்ணு வேற கட்டடத்துல. மூல ஃபைல யாரும் தொடக் கூடாது, வெட்டறது ஒட்டறதெல்லாம் காப்பிலதான். ஃபைல் பேரு வருஷம்-மாசம்-தேதி-தலைப்புன்னு இருந்தா தானா வரிசையா நிக்கும், "புதுசு1", "புதுசு2 கடைசி"ன்னு வச்சா ரெண்டு மாசத்துல யாருக்கும் எதுவும் தெரியாது. வீடியோவ வாட்ஸப்ல சாதாரணமா அனுப்பினா சுருக்கிடும், டாக்குமெண்டா அனுப்புங்க.

அப்புறம் குறிப்பு எழுதறது. ஒரு மணி நேரப் பேச்ச முழுசா எழுத அஞ்சாறு மணி நேரம் ஆகும், பசங்களுக்கு அது தண்டனை மாதிரி ஆயிரும். அதனால நேரக்குறிப்பு மட்டும் போதும்: இத்தனாவது நிமிஷம் பானை வாங்கின கதை, இத்தனாவது நிமிஷம் சில்லிப்பு போறது, இப்படி. வகுப்புக்கு எடுக்கற மூணு நிமிஷத்த மட்டும் வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்க, அதுல வட்டாரச் சொல்ல எழுத்துத் தமிழா மாத்தவே மாத்தாதீங்க. அவங்க "சில்லிப்பு"ன்னா சில்லிப்புதான், "குளிர்ச்சி"ன்னு எழுதினா அவங்க குரல நாம அழிக்கறோம். தெரியாத சொல்ல பசங்க ஒரு நோட்டுல சேத்துட்டு வரட்டும், வருஷக் கடைசில அந்த நோட்டு ஒரு சின்ன அகராதியா இருக்கும், எனக்கு மொத்த வேலைலயும் ரொம்பப் பிடிச்ச பொருள் அதுதான்.

சோதனை: பானைய வச்சே சொல்றேன்

ஒரே அளவுல ரெண்டு புது மண்பானை. ஒண்ணு அப்படியே, இன்னொண்ண வெளிப்பக்கம் பூராவும் ப்ளாஸ்டிக் ஷீட்டால இறுக்கமா சுத்திருங்க. ரெண்டுலயும் ஒரே நேரத்துல ஒரே தண்ணி ஒரே அளவு ஊத்தி, காத்தோட்டமா நிழல்ல வைங்க. புதுப் பானை முதல் நாள் நிறைய தண்ணி குடிக்கும், அதனால முந்தின ராத்திரியே ரெண்டையும் ஊற வச்சிருங்க, இத விட்டா எடைக் கணக்கு தப்பாயிரும். ஒவ்வொண்ணுலயும் ஒரு தெர்மாமீட்டர், கால் மணிக்கு ஒரு தடவை ரெண்டு பிள்ளைங்க படிச்சு எழுதணும், ரெண்டு மணி நேரம். ஆரம்பத்துலயும் முடிவுலயும் பானையோட எடை போடணும்.

எடை ஏன்னா, அங்கதான் விஷயமே இருக்கு. தண்ணி பானைச் சுவர்ல இருக்கற நுண்துளை வழியா கசிஞ்சு வெளில வந்து ஆவியாகுது, ஆவியாக வெப்பம் வேணும், அத பானைக்குள்ள இருக்கற தண்ணி கிட்ட இருந்தும் எடுத்துக்குது. ஒரு கிராம் தண்ணி சாதாரண வெப்பநிலைல ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வேணும். 10 கிராம் போனா 24 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி இறக்க 4.2 கிலோஜூல் எடுத்தா போதும், அப்போ வெறும் 10 கிராம் ஆவியானா கணக்குப்படி 5 டிகிரிக்கு மேல இறங்கணும். நிஜத்துல அவ்வளவு இறங்காது, ஏன்னா சுத்தி இருக்கற காத்துல இருந்து வெப்பம் உள்ள வந்துக்கிட்டே இருக்கு. "கணக்குல வர்றதும் தெர்மாமீட்டர்ல வர்றதும் ஏன் ஒத்துப் போகல?"ன்னு பசங்கள விட்டே கேக்க வைங்க. காத்துல ஈரப்பதம் நிறைய உள்ள நாள்ல சோதனை சொதப்பும், சொதப்பினா அதையும் எழுதி வச்சுட்டு வறண்ட நாள்ல திரும்பப் பண்ணுங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா இன்னொரு பாடம்.

மூணாவதா ஒரு பழைய பானை கிடைச்சா பாட்டி சொன்னதுக்கு பதிலும் கிடைச்சுரும். தண்ணில கரைஞ்சிருக்கற உப்புங்க, தண்ணி ஆவியாகும்போது பின்தங்கி நுண்துளைகள்ல படிஞ்சு அடைச்சுருது, கசிவு கொறையுது, ஆவியாதலும் கொறையுது. எங்க வகுப்புல பழைய பானை வெளிப்பக்கத்துல வெள்ளையா பூத்திருந்தத ஒரு பையன் நகத்தால சுரண்டிப் பாத்து "டீச்சர் இது உப்பு மாதிரி இருக்கு"ன்னான், நான் எதுவும் சொல்றதுக்கு முன்னாடியே.

இத டைம்லாப்ஸா எடுக்கறது சுலபம். ரெண்டு மணி நேரத்த 20 நொடியாக்கணும், நொடிக்கு 25 படம்னா 500 படம், 7,200 நொடிய 500-ஆல வகுத்தா ஏறக்குறைய 14 நொடிக்கு ஒரு படம். போன அசையாத இடத்துல வச்சு, தெர்மாமீட்டர் எண் தெரியற மாதிரி, வெயில் நகர்ந்து மேல படாத இடமா பாத்து வைங்க.

வெட்டி ஒட்டறது

நாலு நிமிஷத்துக்கு மேல போகாதீங்க. பாட்டி குரல் நாப்பது நொடி, பசங்களோட கேள்வி, சோதனை டைம்லாப்ஸ், நுண்துளைல தண்ணி போற மாதிரி பசங்க வரைஞ்ச படம், முடிவு, அவ்வளவுதான். பின்னணி இசை வேணாம். எல்லாரும் இதுல என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க, இசை இருந்தாதான் நல்லா இருக்கும்னு. கலிஃபோர்னியா பல்கலைக்கழக சாண்டா பார்பரா வளாகத்துல ரிச்சர்ட் மேயர்ங்கற உளவியலாளர் மல்டிமீடியா பாடங்கள வருஷக்கணக்கா சோதிச்சுப் பாத்தவர், பாடத்துக்கு சம்பந்தமில்லாத இசையும் அலங்காரமும் இருந்தா பிள்ளைங்க கத்துக்கறது கொறையுதுன்னு அவரோட சோதனைகள்ல திரும்பத் திரும்ப வந்திருக்கு. பேசற வாக்கியத்தையே முழுசா திரைலயும் எழுதிப் போடறதும் அப்படித்தான், கண்ணு படிக்கறதா படத்தப் பாக்கறதான்னு திண்டாடும். படத்துல எந்த பாகமோ அதுக்குப் பக்கத்துலயே பேர எழுதுங்க, கீழ ஒரு ஓரத்துல பட்டியல் போடாதீங்க. காது சரியா கேக்காத பிள்ளை வகுப்புல இருந்தா மட்டும் முழு சப்டைட்டில் கட்டாயம் போடுங்க, வட்டாரச் சொல்லுக்கு பொருள் ஒரு வார்த்தைல காட்டலாம்.

இன்னொரு விஷயம் நான் ரொம்பக் கண்டிப்பா இருப்பேன். ஒரு கேள்விக்குச் சொன்ன பதில வெட்டி இன்னொரு கேள்விக்கு ஒட்டக் கூடாது. "ம்ம்", இருமல், திரும்பச் சொன்னது, இதெல்லாம் எடுக்கலாம், அவங்க சொன்ன அர்த்தம் நகரக் கூடாது. இரைச்சல் குறைப்பையும் அளவா போடுங்க, அதிகமா போட்டா குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிரும்.

வகுப்புல போடும்போது

மொதல்ல பாட்டி குரல மட்டும் போட்டு நிறுத்துங்க. நாலு நிமிஷத்தையும் ஒரே மூச்சா ஓட விட்டா அது சினிமா. நிறுத்திட்டு, "எந்தப் பானைல தண்ணி சில்லுனு இருக்கும், ஏன்?"னு ஒவ்வொருத்தரும் நோட்டுல எழுதணும், பேசாம. எழுதினதுக்கு அப்புறம் மாத்தக் கூடாது. அப்புறம் சோதனைய போடுங்க, பானைங்க மேஜை மேல இருந்தா இன்னும் நல்லது, தொட்டுப் பாப்பாங்க. கரண்ட் போச்சுன்னா போன்ல குரலப் போட்டு பானைய கையில குடுங்க, எனக்கு ரெண்டு தடவை அப்படி நடந்திருக்கு, பாடம் கொறையல.

பெரியவங்க சொன்னது சோதனைல ஒத்து வரலன்னா

வரும், கண்டிப்பா வரும். "அகல் வட்டம் பகல் மழை"ன்னு நிலாவச் சுத்தி பெரிய வட்டம் போட்டா மழைன்னு ஒரு தாத்தா சொன்னார். அத தப்பு சரின்னு வகுப்புல தீர்ப்பு சொல்லாம கணக்கு வைக்கச் சொன்னேன். அந்த வட்டம் உயரத்துல இருக்கற மெல்லிய மேகத்துல உள்ள அறுகோணப் பனிப் படிகங்கள்ல ஒளி விலகறதால வருது, நிலாவுல இருந்து வட்டம் வரைக்கும் 22 டிகிரி. கைய முழுசா நீட்டி விரல விரிச்சா கட்டைவிரல் நுனில இருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும் ஏறக்குறைய அதே 22 டிகிரிதான், அதனால ராத்திரி வாசல்ல நின்னு எந்தப் பிள்ளையும் அளக்கலாம். நிலாவ ஒட்டி சின்னதா ஒரு ஒளிவட்டம் தெரியும், அது வேற, நீர்த்துளியால வர்றது, ரெண்டையும் ஒரே கணக்குல சேத்துரக் கூடாது. அந்த மெல்லிய மேகம் சில இடங்கள்ல மழை மேகத்துக்கு முன்னாடி வரும், எல்லா இடத்துலயும் எல்லாப் பருவத்துலயும் அப்படி இல்ல. பசங்க வட்டம் பாத்த தேதியையும், அடுத்த ரெண்டு நாள்ல மழை வந்துச்சா இல்லையான்னும் வருஷம் பூரா எழுதறாங்க. தாத்தாவும் அவர் பங்குக்கு தேதி சொல்லி அனுப்பறார்.

வருஷக் கணக்குல ஞாபகம் பிசகும். "எந்த வருஷம் தாத்தா?"ன்னு கேக்கறத விட "அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா, மூத்த பிள்ளை பொறந்தாச்சா?"ன்னு கேட்டா காலம் ஓரளவு சரியா வரும். ஒரே விஷயத்த ரெண்டு மூணு பேர் கிட்ட தனித்தனியா கேளுங்க, ஒத்துப் போகாத இடத்த மறைக்காம ரெண்டையும் வைங்க. ஒரு ஆளு ஒரு வெள்ளத்த எப்படி ஞாபகம் வச்சிருக்கார்ங்கறதுக்கும் அன்னிக்கு எவ்வளவு தண்ணி வந்துச்சுங்கறதுக்கும் உள்ள வித்தியாசம் பசங்களுக்கு நாம நினைக்கறத விட சீக்கிரமே புரியுது.

திரும்பக் கொண்டு போய்க் காட்டுங்க

வேற யாருக்கும் போறதுக்கு முன்னாடி பேசினவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க, காப்பி ஒண்ணு அவங்க வீட்டுக்குக் குடுங்க. பானை வீடியோவ பாட்டிக்குக் காட்டினப்போ ப்ளாஸ்டிக் சுத்தின பானையப் பாத்து "அதுக்கு மூச்சு முட்டாதா?"ன்னாங்க, நுண்துளைய இத விட நல்லா நான் விளக்கினதில்ல. முழுசா பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க, பசங்களும் பழகின மாதிரி அஞ்சு எண்ணிட்டு உக்காந்திருந்தாங்க. அப்புறம் பாட்டி, "மணல் மேல வைக்கணும்னு சொல்ல மறந்துட்டேனே, மணல நனைச்சு அதுமேல பானைய வச்சாதான் சில்லிப்பு நிக்கும்"னாங்க.

மறுநாள் நைஜீரியா ஆசிரியர் முகமது பா அப்பா பத்தி வகுப்புல சொன்னேன். பானை செய்யற குடும்பத்துல பொறந்தவர், ஒரு பானைக்குள்ள இன்னொரு பானைய வச்சு நடுவுல ஈர மணல் போட்டு, கரண்ட் இல்லாத ஊர்ங்கள்ல காய்கறி வாடாம வைக்க வழி பண்ணினவர், 2000-ல அதுக்கு ரோலெக்ஸ் விருது கிடைச்சுது. "பாட்டி சொன்ன அதே மணலா?"ன்னு கேட்டுட்டு ரெண்டு பேர் வாளிய எடுத்துக்கிட்டு மணல் அள்ளப் போனாங்க, நான் மூணாவது தெர்மாமீட்டர் தேடிட்டு இருந்தேன்.